முதல் மனை வாங்கப் போகிறேன், சக முதலீட்டாளர்கள் எங்கே கிடைப்பார்கள்?

சென்னையில் ஐடி வேலை. கையில் 12 லட்சம் இருக்கிறது, மதுராந்தகம் பக்கம் ஒரு மனை போடலாமா என்று யோசனை. குடும்பத்தில் யாருக்கும் இதில் பழக்கமில்லை. ஓட்டலில் நடக்கும் முதலீட்டாளர் கூட்டங்களுக்குப் போனால், பக்கத்தில் உட்காருகிறவர் பாதி நேரம் புரோக்கராகத்தான் இருக்கிறார். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பெரிதாக வாங்கலாம் என்கிறார்கள், அதுவும் சரியா தெரியவில்லை.

— புதுமனை

கையில் இருக்கும் 12 லட்சம் முழுவதுக்கும் மனை பார்க்காதீர்கள். பத்திரச் செலவு மட்டும் 9 சதவீதம். பத்தரை லட்சத்துக்கு வாங்கினால் 94,500 ரூபாய் அங்கேயே போய்விடும், அப்புறம் எழுத்துக்கூலி, வக்கீல், பட்டா மாற்றம். ஆட்களைச் சந்திக்க மனை விற்கும் கம்பெனி ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்கக் கூட்டிப்போகும் வேனிலேயே ஏறுங்கள். சாப்பாடு போடுவார்கள், சாப்பிடுங்கள், அன்றைக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள். உங்களை மாதிரியே சந்தேகத்தோடு வந்தவர்கள் அதே வேனில் இருப்பார்கள், அவர்கள் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே கம்பெனியின் பழைய லேஅவுட்டில் வீடு கட்டிக் குடியிருப்பவரைப் பிடித்தால் இன்னும் நல்லது, ரோடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் சொன்னபடி வந்ததா என்று அவர்தான் ஒளிக்காமல் சொல்வார்.

— செங்கல்பட்டுக்காரன்

நாலு பேர் கூட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒருத்தர் பெயரில் பதிந்துவிட்டு "நமக்குள்ளே பார்த்துக்கலாம்" என்பது மட்டும் கூடவே கூடாது, ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமி சட்டத்தில் போய் முட்டும். நாலு பேர் பெயரும் பத்திரத்தில் வர வேண்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்றும் எழுத வேண்டும். அப்படியே எழுதினாலும், நாளைக்கு ஒருவருக்குப் பெண் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டு, இன்னொருவர் துபாயில் உட்கார்ந்துகொண்டு "இப்போ விற்க வேண்டாம்" என்றால் முழு மனையை விற்க முடியாது, பிரிபடாத பங்கை மட்டும் வெளியாள் வாங்க மாட்டான். எப்போது விற்பது என்று பேசி எழுதிக்கொள்ள முடியாத நண்பர்களோடு டீ குடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

— பத்திரம்முக்கியம்

நன்றி சார். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்து சுத்தமாக இருந்தால் போதுமா?

— புதுமனை

போதாது. பதிவானது மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். வாரிசுகளில் யாராவது கையெழுத்து போடாமல் விட்டது அதில் தெரியாது, தாய்ப்பத்திரத்தோடு (மனையின் முந்தைய மூலப்பத்திரம்) வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். உரிமையாளரிடம் பவர் (விற்கும் அதிகாரம்) வாங்கிய ஏஜெண்டு விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் நீங்களே அந்தந்த இணையதளத்தில் தட்டிச் சரிபாருங்கள், நோட்டீஸில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள்.

— செங்கல்பட்டுக்காரன்