லேபிள் எடுத்தபோது ஒரு தொகை, பில்லில் இன்னொரு தொகை: எங்கே கூடுகிறது?

பொம்மைக்கடை:

துணி பொம்மைகளும் குஷன்களும் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். தைப்பது, படம் எடுப்பது, பேக் செய்வது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான் ஒருத்திதான். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

ஆர்டர் வந்ததும் பேக் செய்து, தராசில் வைத்து, அந்த எடையைப் போட்டு, பெட்டியில் ஒட்டும் கூரியர் லேபிள் எடுக்கிறேன். பணத்தை அப்போதே பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு முடிந்தது என்று இருந்தால், சில வாரம் கழித்து 'எடை வேறுபாடு' என்று மறுபடியும் பிடிக்கிறார்கள். ஒரு குஷன் செட், டேப் ஒட்டி முடித்த பிறகு 1.1 கிலோ. லேபிள் எடுத்தது 1.5 கிலோவுக்கு. பில்லில் இருப்பது 4 கிலோ! வழியில் யாராவது செங்கல் வைத்துக் கட்டினார்களா?

தராசைச் சந்தேகப்படாதீர்கள். எடை தெரிந்த பொருளை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். கூரியர் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "சிஸ்டம் எடுத்த எடை மேடம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. எல்லாப் பார்சலுக்கும் இப்படி நடப்பதில்லை என்பதுதான் இன்னும் குழப்பம். சின்ன பொம்மைகள் ஒழுங்காகப் போய்விடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. சில ஆர்டர்களில் வாடிக்கையாளர் செக்அவுட்டில் கட்டும் ஷிப்பிங் தொகையே லேபிள் விலையைவிடக் குறைவாக இருக்கிறது. அது பில் வரும் முன்பே, லேபிள் எடுக்கும்போதே தெரிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா?

சுருக்கம்:

கூரியர்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பொருளின் விலையில் ஷிப்பிங்கைச் சேர்த்துவிட்டு 'ஷிப்பிங் இலவசம்' என்று போடுங்கள். விற்பனையும் கூடும்.

பொம்மைக்கடை:

விலையில் சேர்க்கலாம். எவ்வளவு சேர்ப்பது? 1.5 கிலோவுக்கா, 4 கிலோவுக்கா? அது தெரியாமல்தானே இங்கே வந்து நிற்கிறேன்.

பழைய பில்லிங்:

ஒரு கூரியர் கம்பெனியின் பில்லிங் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன். இந்தச் சண்டையை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்லுங்கள் சகோதரி. குஷன் செட் போகும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் என்ன? லேபிள் எடுக்கும் திரையில் பெட்டி அளவு என்ற கட்டத்தில் என்ன எண்கள் இருக்கின்றன?

பொம்மைக்கடை:

பெட்டி 30 × 25 × 20 செ.மீ. திரையில் இப்போதுதான் போய்ப் பார்த்தேன், 15 × 15 × 10 என்று இருக்கிறது. அது பிளக்இன் (ஷிப்பிங் கணக்குப் போட என் கடைத் தளத்தில் சேர்த்திருக்கும் மென்பொருள்) தானாகவே வைத்திருக்கும் அளவு. எடையைத்தான் கட்டாயமாகக் கேட்கிறது, இதைக் கேட்பதே இல்லை.

பழைய பில்லிங்:

பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கூரியரில் இரண்டு எடை உண்டு. ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று வால்யூமெட்ரிக் எடை, அதாவது பெட்டி வண்டியில் அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்வது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ வரும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. உங்கள் பெட்டி 15,000 கன செ.மீ., வகுத்தால் 3 கிலோ. பிளக்இன் வைத்திருக்கும் பெட்டியோ 2,250 கன செ.மீ., அரைக் கிலோகூட வராது. அதனால் லேபிள் போடும்போது தராசு எடை ஜெயித்தது. பார்சல் கிடங்குக்குப் போனதும் அங்கே உண்மையான பெட்டியை அளந்தார்கள். உங்கள் தராசு பொய் சொல்லவில்லை. இந்தப் பார்சலின் கட்டணத்தை அது தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான். சின்ன பொம்மைகள் தப்பிப்பதும் இதனால்தான்.

எல்லோருக்கும் 5000 கிடையாது. விமானச் சரக்கில் 6000 வழக்கம். சில கூரியர் ஒப்பந்தங்களில் 4000 இருக்கும், அப்போது இதே பெட்டி 3.75 கிலோ ஆகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் எந்த எண் என்று முதலில் தேடிப் பாருங்கள். வழக்கமாகக் கட்டண அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

முன்பெல்லாம் தரைவழிப் பார்சலுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் பெரிய பெட்டிகளுக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இந்தக் கணக்கை, 2015 தொடங்கும்போது தரைவழியில் போகும் எல்லாப் பெட்டிகளுக்கும் கொண்டுவந்தார்கள். ஆன்லைன் கடைகள் பெரிய பெட்டிக்குள் காற்றை நிரப்பி அனுப்ப ஆரம்பித்ததால் வந்த வினை. எடை ஏறும் முன்பே வண்டி நிரம்பிவிடுகிறது.

பொம்மைக்கடை:

புரிகிறது அண்ணா. ஆனால் உங்கள் கணக்குப்படியே 3 கிலோதானே வருகிறது? பில்லில் 4 இருக்கிறதே?

பழைய பில்லிங்:

உங்கள் பெட்டியை மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். மூடி தட்டையாக இருக்கிறதா, தொந்தி போட்டிருக்கிறதா? குஷனை அமுக்கி அடைத்து டேப் போட்டால் அட்டை நடுவில் உப்பும். கிடங்கில் பெல்ட்டின் மேல் இருக்கும் கருவி, பெட்டியின் எந்த இடம் அதிகமாகத் துருத்துகிறதோ அங்கேதான் அளவு எடுக்கும். அட்டையில் அச்சடித்த அளவு அதற்குத் தெரியாது. அதுவும் பெரும்பாலும் உள்ளளவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு செ.மீ. கூடி 32 × 26 × 22 ஆனது என்று வையுங்கள். 18,304 கன செ.மீ., அதாவது 3.66 கிலோ. அரைக் கிலோ படிகளாகக் கட்டணம் போடுகிறவர்கள் அதை 4 ஆக்குவார்கள். உங்கள் பில்லில் இருப்பதும் அதே 4.

இந்த மேல்நோக்கி முழுதாக்கும் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் ஒவ்வொரு பக்கத்திலும் அங்குலத்தின் பின்னத்தை அப்படியே அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுகிறார்கள். 11.1 × 8.1 × 6.1 அங்குலப் பெட்டி முன்பு 11 × 8 × 6. அமெரிக்காவில் அங்குலக் கணக்குக்கு வழக்கமான 139-ஆல் வகுத்தால் 3.8, ஆக 4 பவுண்டு. இப்போது அதே பெட்டி 12 × 9 × 7, 6 பவுண்டு. பெட்டியும் பொருளும் மாறவில்லை, ஒரு டேப் மடிப்பு உயரம் கட்டணத்தை மாற்றிவிட்டது. பில்லிங்கில் இருந்தவன் நானே இதை ரசிக்கவில்லை.

களிமண்:

உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. அது வேறு கோளாறு. நான் பீங்கான் கோப்பைகள் விற்கிறேன், எனக்கு அதுதான் பெரிய தலைவலி.

செக்அவுட்டில் கட்டணம் கணக்குப் போடும்போது பார்சல் என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லை. வாடிக்கையாளர் 4 பொருள் எடுத்தால், பல பிளக்இன்கள் அந்த 4 எடைகளைக் கூட்டி, எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகும் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் பேக் செய்யும்போது அது 2 பெட்டி ஆகிறது. கட்டணம் பெட்டிக்குப் பெட்டி தனி. பொருள் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் எடையும் பொம்மையின் எடை மட்டும்தானே? அட்டை, பபுள் ரேப் எல்லாம் அதில் வராது. நான் ஒவ்வொரு பொருளுக்கும் பேக் செய்த எடையையும் அளவையும் ஏற்றிவிட்டேன். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போனால் இரண்டாவது பெட்டியின் கட்டணமும் சேரும்படி விதி வைத்தேன். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் இடைவெளி நன்றாகக் குறைந்துவிட்டது.

பில்லில் பின்னால் ஏறுவதிலும் எல்லாமே எடை இல்லை. வாடிக்கையாளர் கதவு எண்ணைத் தப்பாகப் போட்டால் முகவரித் திருத்தக் கட்டணம் வரும். தொலைதூரப் பகுதி, வீட்டு டெலிவரி, எரிபொருள் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) என்று பில்லில் தனித்தனி வரிகளாக வரும். எடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட லேபிளை ரத்து செய்யாவிட்டால் அந்தப் பணமும் திரும்பி வராது. மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பதைவிட, பில்லை ஸ்பிரெட்ஷீட்டாக இறக்கி, எதற்கான கட்டணம் என்று சொல்லும் பத்தியை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

பொம்மைக்கடை:

இருவருக்கும் நன்றி. மூடி தொந்திதான் அண்ணா. உயரமே 22-க்குக் கிட்டத்தட்ட வருகிறது.

பில்லை இறக்கி வரிசைப்படுத்தினேன். எடை வேறுபாடு வரிகள் ஏறக்குறைய எல்லாமே குஷன் செட்கள், எல்லாம் 3.5 அல்லது 4 கிலோ. அதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். குஷன் உறைகளைத் தனியாகவும், உள்ளே வைக்கும் பஞ்சைக் காற்றை உறிஞ்சிய பையிலும் வைத்துப் பார்த்தேன். 40 × 30 × 8 பெட்டிக்குள் தட்டையாக உட்கார்ந்துவிட்டது. 9,600 கன செ.மீ., 2 கிலோவுக்குள் வருகிறது. வாங்குகிறவர் பிரித்துத் தட்டினால் பஞ்சு எழுந்துகொள்ள நேரம் ஆகும், அதற்கு ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

ஒரே ஒரு வரி மட்டும் உதைக்கிறது. அதே குஷன் பெட்டி, ஆனால் 7.5 கிலோ போட்டிருக்கிறார்கள். அளவு 64 × 26 × 22. என்னிடம் 64 செ.மீ. நீளத்தில் பெட்டியே கிடையாது.

பழைய பில்லிங்:

64 என்பது இரண்டு 32. உங்கள் பெட்டியும் இன்னொன்றும் பெல்ட்டில் முட்டிக்கொண்டு போயிருக்கும், கருவி இரண்டையும் ஒன்றாக அளந்துவிட்டது. அந்த நாளில் நீங்கள் இரண்டு குஷன் பெட்டி அனுப்பினீர்களா என்று பாருங்கள். அனுப்பியிருந்தால் இன்னொன்றின் அளவு பில்லில் என்னவாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிக்குக் கட்டாயம் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், போடுங்கள். "எடை தப்பு" என்று எழுதாதீர்கள், உடனே தள்ளிவிடுவார்கள். ட்ராக்கிங் எண், அவர்கள் போட்ட அளவு, உங்கள் பெட்டியின் அளவு, பெட்டி வாங்கிய ரசீது, இவ்வளவும் ஒரே மெயிலில் போகட்டும். லேபிள் தெரிய அளவு நாடா வைத்து அளந்த படம் இருந்தால் இன்னும் நல்லது, இனிமேல் பெரிய பெட்டிகளுக்கு எடுத்துவையுங்கள். கெடு எவ்வளவு நாள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், பெரும்பாலும் பில் தேதியிலிருந்து எண்ணுவார்கள். பில் எப்போது வந்தது?

பொம்மைக்கடை:

போன வாரம். இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். ஆமாம், அந்த நாளில் இரண்டு போயிருக்கின்றன. இன்னொன்றுக்கு வேறுபாடே போடவில்லை, லேபிள் தொகைதான்.

பழைய பில்லிங்:

அப்படியென்றால் அது அளக்கப்படவே இல்லை. அதையும் மெயிலில் எழுதுங்கள். ஆனால் ஒன்று, அதற்கு அப்புறம் 4 கிலோ கணக்குப் போட்டு அனுப்பினால் கட்டத் தயாராக இருங்கள்.