ஸ்விட்ச் ஸ்டாண்டு மட்டமான வேலையா? எல்லைப்புறத்து ஆட்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேலந்தாவளத்தான்:

என்னிடம் இருப்பது 2017இல் வந்த முதல் நிண்டெண்டோ ஸ்விட்ச், கையில் எடுத்துப் போய் ஆடும் வீடியோ கேம் கருவி. சார்ஜாவிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது. அதன் முதுகில், ஓர் ஓரமாக, விரல் அகலத்தில் ஒரு ஸ்டாண்டு இருக்கும், தெரியும்தானே? அதை வைத்து எனக்கும் என் மச்சானுக்கும் ஓயாத வாக்குவாதம். இவ்வளவு பெரிய கம்பெனி இப்படியா ஒரு காலை ஒட்டவைக்கும் என்பது அவர் கட்சி. நான் ஸ்டாண்டின் பக்கம்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறது. மலை இங்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருப்பதால் மழைக்காலக் காற்று அடித்துப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமாகத்தான் கோயம்புத்தூருக்குப் போகும். கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் காற்றாலை நட்டது சும்மாவா? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்கான் என்ற கைப்பிடிகளைக் கழற்றிவிட்டால் ஸ்விட்ச் வெறும் 297 கிராம். திண்ணையில் நிறுத்தி, ஆளுக்கொரு ஜாய்கானோடு நானும் மச்சானும் மாரியோ கார்ட் கார்ப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தோம். முதுகுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது, ஸ்விட்ச் குப்புற விழுந்தது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த கண்ணாடிதான் விரிசல் விட்டது.

ஸ்டாண்டு என்பது பின்னால் சாயாமல் தாங்குவதற்கு. முன்பக்கமாகத் தள்ளினால் எந்த ஸ்டாண்டு தாங்கும்? பழி காற்றின் மேல்தான். தவிர, மொத்தக் கருவியே 13.9 மில்லிமீட்டர் கனம். அதற்குள் பேட்டரி, விசிறி எல்லாம் வைத்த பிறகு ஸ்டாண்டுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

மச்சான் இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். உங்கள் பக்கம் எப்படி?

ஆரியங்காவு ரயில்:

தம்பி, உங்கள் மச்சானுக்கு என் ஓட்டு.

கொல்லத்திலிருந்து சென்னை எழும்பூர் போகும் வண்டியில் அடிக்கடி போகிறவன் நான். ஜன்னலோரம் இருக்கும் சின்ன மேசையில் ஸ்விட்சை நிறுத்தினால் தென்மலை வரைக்கும் பெரிய தொந்தரவு இல்லை. அதற்கப்புறம் மலையேற்றம், வளைவு, குகை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வரும்போது ஊரே ஜன்னலுக்கு வந்துவிடும், நான் மட்டும் ஒரு கையால் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். 1904இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள், ஆனால் வளைவு வளைவுதானே. ரயில் ஆடுவதற்கு ஸ்டாண்டு என்ன செய்யும் என்பீர்கள். சரி, அதை விட்டுவிடுகிறேன்.

என் வழக்கு வேறு. சார்ஜ் செருகும் துளை அடிப்பக்கம் இருக்கிறது. நிறுத்திவைத்தால் துளை மேசையோடு ஒட்டிக்கொள்கிறது. பெட்டியில் பிளக் இருக்கிறது, பையில் ஒயர் இருக்கிறது, சொருகத்தான் வழியில்லை. முதல் மாடலின் பேட்டரி விளையாட்டைப் பொறுத்து இரண்டரை மணி முதல் ஆறரை மணி நேரம். படம் பிரமாதமாக இருக்கும் கனமான விளையாட்டு என்றால் செங்கோட்டை தாண்டியதும் சிவப்பு விளக்குதான். இரண்டு தடித்த புத்தகங்களை நடுவில் சந்து விட்டு வைத்து, மேலே ஸ்விட்சை நிறுத்தி, சந்து வழியாக ஒயரை விட்டுப் பார்த்தேன். சமதரையில் நிற்கிறது. மலையில் ஏது சமதரை?

2018இல் அந்தக் கம்பெனியே சார்ஜ் போட்டபடி நிறுத்த ஒரு தனி ஸ்டாண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடவே வருவது போதும் என்றால் தனியாக ஒன்று எதற்கு?

நகரி தறி:

அண்ணா, ரயிலாவது ஸ்டேஷனில் நிற்கும். எங்கள் நகரியில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. தறி ஓடினால் தரை, சுவர், சாமி படம் எல்லாம் சேர்ந்து அதிரும். மேசையில் நிறுத்திய ஸ்விட்ச் தானாக நடக்கும். கேலி இல்லை, நிஜமாகவே நடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மேசை ஓரத்தைப் பார்த்து நகரும், ஸ்டாண்டு இருக்கும் பக்கத்தை விட மறுபக்கம் வேகமாக வரும். ஒரு பாட்டம் ஆடி முடிப்பதற்குள் திரை தம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கால் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பதால் வருகிற வினை இது என்பது என் கணக்கு. காலில்லாத பக்கத்து மூலையில் திரையை விரலால் அழுத்திப் பாருங்கள், மெல்ல அசைந்து கொடுக்கும்.

அடியில் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி விரித்தேன். அதிலிருந்து நடை நின்றது. கரண்ட் போனால் இன்னும் நல்லது, தறியும் நின்றுவிடும், நிம்மதியாக ஆடலாம். அந்த நேரத்தில் யாரும் சார்ஜ் பற்றிப் பேசப்போவதில்லை.

கொழிஞ்சாம்பாறை ரிப்பேர்:

வேலந்தாவளத்துத் தம்பி, நம்ம பக்கத்து ஆளாயிட்டீங்க, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்து யாராவது லீவில் வந்தால் ஒரு ஸ்விட்சும் கடைக்கு வந்துவிடும். "ஸ்டாண்டு ஒடஞ்சு போச்சுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்றும் ஒடிந்திருக்காது. கழன்றிருக்கும், அவ்வளவுதான். அதன் இரண்டு முனையையும் பள்ளத்தில் பொருத்தி அழுத்தினால் டக்கென்று உட்காரும். இதற்கெல்லாம் காசு வாங்குவதில்லை. பலமாகத் தள்ளினால் முறியாமல் கழன்று வருகிற மாதிரி செய்திருப்பதை நான் நல்ல வேலை என்றுதான் சொல்வேன். ஒருவேளை கெட்டியாகப் பிடித்திருந்தால் முதுகுப் பலகையே பெயர்ந்திருக்கும்.

உண்மையான வேலை வைப்பது பசைதான். கழன்றதும் வீட்டிலேயே ஒரு சொட்டுப் பசை விட்டு ஒட்டிவிடுகிறார்கள். மெமரி கார்டு இருப்பது அந்த ஸ்டாண்டுக்கு அடியில்! பசை காய்ந்ததும் கார்டு உள்ளே, ஆள் வெளியே. அப்புறம் பிளேடு முனையால் சுரண்டி எடுக்க வேண்டும், மூச்சைக்கூடப் பார்த்து விட வேண்டிய வேலை. இன்னும் சிலர் ஸ்டாண்டையே தொலைத்துவிட்டு வருவார்கள். கார்டுத் துளை திறந்தபடி கிடக்கும், நம்ம ஊர் காற்றுக்கும் புழுதிக்கும் கேட்கவா வேண்டும்.

என்னைக் கேட்டால் அது மெமரி கார்டுக்கு ஒரு மூடி. ஓய்ந்த நேரத்தில் ஸ்டாண்டு வேலையும் பார்க்கிறது.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்:

நான் வைத்திருப்பது ஸ்விட்ச் லைட் என்ற சின்ன மாடல். 2019இல் வந்தது. ஸ்டாண்டே கிடையாது. வீட்டில் சண்டையும் கிடையாது.

பாறசாலை டீச்சர்:

மக்களே, எல்லாரும் பழைய மாடலை வைத்தே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது 2021 அக்டோபரில் வந்த ஓஎல்இடி மாடல், ஏழு அங்குலத் திரை. அதில் ஸ்டாண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழு அகலத்துக்கு இருக்கிறது. எந்தக் கோணத்தில் விடுகிறோமோ அங்கேயே நிற்கும். பழையதில் ஒரே கோணம்தான், அதுவும் விறைப்பாக நிற்கும். நாற்காலியில் இருப்பவருக்குச் சரி என்றால் தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு முகம் தெரியாது. எங்கள் வீட்டில் அக்காள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தால் பாயில் படுத்தபடிதான் ஆட்டம். ஸ்டாண்டைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துவிடுவோம்.

சார்ஜ் துளை மட்டும் இதிலும் அடியில்தான், ஆரியங்காவு அண்ணன் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலில் செய்தது நன்றாக இருந்தால் அடுத்ததில் அதை ஏன் அடியோடு மாற்றினார்கள்?

வேலந்தாவளத்தான்:

டீச்சர், மாற்றினார்கள் என்பதாலேயே பழையது மட்டம் என்று ஆகிவிடுமா? 2016இல் முதன்முதலாகக் காட்டிய விளம்பரத்திலேயே விமானத்தின் மடக்கு மேசையில் இதை நிறுத்தி ஒருவர் விளையாடுவார். அந்த மேசைக்கு அந்தக் கோணம் போதும். விமான மேசைக்குச் செய்ததைப் பாயில் வைத்துவிட்டுக் குறை சொன்னால் எப்படி?

குமுளி ஏலக்காய்:

அந்த விளம்பரத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதே விளம்பரத்தில் மொட்டை மாடியிலும் கூடைப்பந்துத் திடலிலும் ஆட்களைக் கூட்டிவைத்து ஆட விடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்று சொல்லி விற்ற சரக்கு அண்ணே அது. மொட்டை மாடிக்கு ஆகும் என்றால் திண்ணைக்கும் ஆக வேண்டும்.

கனத்தைப் பற்றி முதலில் சொன்னீர்களே, அங்கேதான் இடிக்கிறது. முதல் ஸ்விட்ச் 13.9 மில்லிமீட்டர், சரி. டீச்சர் வைத்திருக்கும் ஓஎல்இடியும் 13.9தான். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, இப்போது என் மேசையில் இருப்பது, அதுவும் 13.9. திரை 7.9 அங்குலம் ஆகிவிட்டது, ஜாய்கானோடு எடை 534 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவின் ஏலக்காய்த் தராசில் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அதுதான் காட்டியது. இத்தனை பெரிய உடம்புக்கு அதே கனத்தில் முழு அகலத்துக்குச் சட்டம் மாதிரி ஒரு ஸ்டாண்டு வைத்திருக்கிறார்கள். பார்த்தால் மெலிசாக இருக்கிறது, ஆனால் கீல் நல்ல இறுக்கம். சார்ஜ் துளையும் இரண்டு, அடியில் ஒன்று, தலையில் ஒன்று. கடை மேசையில் நிறுத்தி, தலையில் ஒயரைச் சொருகி, ஏலம் வாங்க ஆள் வரும் வரை ஆடுகிறேன்.

ஆக, இடம் இல்லாமல் இல்லை. மனசு வைக்கவில்லை.

ஆரியங்காவு ரயில்:

தலையில் ஒரு துளை. இதற்கு எட்டு வருஷம்!

கொழிஞ்சாம்பாறை ரிப்பேர்:

குமுளித் தம்பி சொல்வது சரிதான். ஆனாலும் கழன்று விழும் குணத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அகல ஸ்டாண்டு ஒன்று முறிந்து கடைக்கு வந்தால் அன்றைக்குப் பேசலாம்.

வேலந்தாவளத்தான்:

13.9 கணக்கை மச்சான் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நகரி அண்ணா, அந்த டியூபை எவ்வளவு அகலத்துக்கு நறுக்கினீர்கள்? காற்றுக்கும் தாங்குமா?

நகரி தறி:

மேசையில் ஸ்விட்சும் விரித்த ஸ்டாண்டும் சேர்ந்து எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு. வழவழப்பான வெளிப்பக்கம் கீழே, உள்பக்கம் மேலே. பவுடர் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். காற்றுக்குத் தாங்காது அண்ணா, அதற்குத் திண்ணையை விட்டு உள்ளே போங்கள்.