அம்மாவுக்குக் கல்லீரலில் பரவியிருக்கிறது. மறுபடி பயாப்ஸி எதற்கு?

மலைக்கோட்டை மகள்:
அம்மாவுக்கு 61 வயது. 2019-இல் மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். அப்போதைய ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (புற்று செல்லில் ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகள்) பாசிட்டிவ், ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) நெகட்டிவ். ஐந்து வருஷம் லெட்ரோசோல் என்ற ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தார். இப்போது வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றதும் பார்த்தால், இருபதுக்குப் பக்கத்திலேயே இருந்த சிஏ 15-3 (இந்த நோயைக் கவனிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு), 140-க்குப் போயிருக்கிறது. பெட் ஸ்கேனில் கல்லீரலில் மூன்று இடம். டாக்டர் அங்கே ஊசி போட்டுச் சதை எடுக்கணும் என்கிறார். பெரிய மாமாவோ, குத்தினால் இன்னும் பரவும் என்று ஒரே பிடிவாதம். பழைய ரிப்போர்ட்தான் கையில் இருக்கிறதே, அதை வைத்தே மருந்து ஆரம்பிக்கக் கூடாதா?

ரிட்டயர்ட் கணக்கு டீச்சர்:
அம்மாடி, எடுக்கச் சொல்லு. எனக்கு நுரையீரலில் வந்தபோது நானும் இதையேதான் கேட்டேன். எடுத்துப் பார்த்தால் ஈஆர் அப்படியே இருந்தது, பிஆர் போயே போய்விட்டது. மூன்றில் பிஆர்தான் அதிகம் மாறுமாம். ஹெர்2 எவ்வளவு இருக்கிறது என்று போடும் மார்க் முதலில் 0, இப்போது 1+. இரண்டுமே நெகட்டிவ்தானே என்று நினைப்பாய். 2022-க்கு முன்னால் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் டெஸ்டினி பிரெஸ்ட் 04 ஆய்வு வந்த பிறகு, 1+ உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு வழி திறந்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

ஒரே கட்டிக்குள் எல்லா செல்லும் ஒரே மாதிரி கிடையாது. லெட்ரோசோலுக்கு அடங்காதவை தங்கி, பெருகி, வேறு இடம் போகும். அதனால் பழைய ரிப்போர்ட் அன்றைய கட்டிக்குத்தான் பொருந்தும். சில பேருக்கு எதுவுமே மாறியிருக்காது. அதையும் பார்த்தால்தானே தெரியும்?

மாமாவிடம் சொல்லு, நோய் ஏற்கெனவே கல்லீரலுக்கு வந்துவிட்டது. ஊசிக்குப் பயந்து தப்பான மருந்தில் மாதக்கணக்கை விடுவதுதான் ஆபத்து.

பேத்தாலஜி லேப்காரன்:
எலும்பிலிருந்து எடுத்தால் ஆசிட்டில் ஊற வைத்து மிருதுவாக்க வேண்டும், அதில் ஈஆர், ஹெர்2 கெட்டுப்போய் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். கல்லீரலில் அந்தத் தொல்லை இல்லை. ஆபரேஷன் நேரத்து பாரஃபின் பிளாக்கை, அதாவது அப்போது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டையை, வாங்கி வையுங்கள். புது ரிசல்ட் மாறி வந்தால், மாறியது நோயா டெஸ்டா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அம்மா ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிட்டால் முன்னாடியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மலைக்கோட்டை மகள்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணா. பிளாக்கைப் பற்றி யாருமே சொல்லவில்லை. மாமாவை அம்மாவே அடக்கிவிட்டார்: “கல்லீரல் என்னுது, நான் பார்த்துக்கறேன்.” மருந்து ஆரம்பித்ததும் சிஏ 15-3 இறங்கிவிடுமா?

ரிட்டயர்ட் கணக்கு டீச்சர்:
உங்கம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது! உடனே இறங்கணும் என்று இல்லை. புது மருந்தில் முதல் நாலு, ஆறு வாரம் ஏறிக்கூடக் காட்டும். எனக்கும் ஏறியது, அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தை மாற்ற மாட்டார்கள். ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் வித்தியாசம் வரும். அப்புறம், ரிப்போர்ட்டில் ‘ஹெர்2 நெகட்டிவ்’ என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் விடாதே. 0-வா, 1+-ஆ, 2+-ஆ என்று எழுதி வாங்கு.