புதுப்பிப்பு: முதல் பைக் 350-ஆ, 125-ஆ? முடிவு எடுத்தாச்சு

முன்னாடி நான் கேட்டது இதுதான்: ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டின நான் முதல் கியர் வண்டியா ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுக்கலாமா, 125 சிசி போதுமா? பொறுமையா பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. டிவிஎஸ் ரெய்டர் 125 எடுத்துட்டேன்.

முடிவு பண்ண வச்சது எடைதான். கிளாசிக் 195 கிலோ, சீட் உயரம் 805 மி.மீ. ரெய்டர் 123 கிலோ, 780 மி.மீ. "ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி, இன்ஜினை ஆஃப் பண்ணி, உக்காந்தபடியே பின்னாடி தள்ளிப் பாரு தம்பி"ன்னு ஒரு அண்ணன் சொல்லியிருந்தார். அருமையான யோசனை. கிளாசிக்ல எனக்கு நுனிக்கால்தான் எட்டுச்சு, லேசான சரிவுலகூட நகர்த்த முடியல. ரெய்டர்ல குதிகால் ரெண்டும் நல்லா ஊணுச்சு.

மேம்பால ஏத்தத்துல நின்னு கிளம்புறதுதான் பெரிய பயமா இருந்துச்சு. பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கிளட்சை மெல்ல விட்டா, ஓரிடத்துல இன்ஜின் சத்தம் இறங்கி வண்டி முன்னாடி போகப் பாக்கும். அங்கேயே கிளட்சை நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுத்துட்டு பிரேக்கை விடணும். இப்போ வண்டி பின்னாடி உருளுறதே இல்ல.

விட்டுக்குடுத்தது ஏபிஎஸ், அதாவது சட்டுனு பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்காம பாத்துக்குற வசதி. 125 சிசிக்கு மேல 2019-லேயே அது கட்டாயமாயிடுச்சு, நான் எடுத்த மாடல்ல இல்ல. அதனால மழையில ரெண்டு பிரேக்கையும் படிப்படியாத்தான் அழுத்துறேன்.

எட்டு போட்டு லைசன்ஸும் வாங்கியாச்சு. மிச்சமான பணத்துல ஐஎஸ்ஐ ஹெல்மெட் ரெண்டு வாங்கினேன், ஒண்ணு பின்னாடி உக்கார்ற தங்கச்சிக்கு.