தாத்தாவோட அண்ணன் 1939ல மலேயா போனவரு, எங்கேர்ந்து தேடறது?

பட்டுக்கோட்டையான்:
வணக்கம் எல்லாருக்கும். எங்க தாத்தாவோட அண்ணன் கருப்பையா, நாகப்பட்டினத்துல கப்பலேறி கெடா பக்கம் சுங்கை பட்டாணி கிட்ட ரப்பர் தோட்டத்துக்கு போனாருன்னு வீட்ல சொல்லுவாங்க, 41 வரைக்கும் கடுதாசி வந்துச்சாம் அப்பறம் ஒண்ணுமே இல்ல. அவரோட அம்மா சாகுற வரைக்கும் அவருக்கு திதி குடுக்கவே விடலியாம். கப்பல் லிஸ்ட் ஏதாவது கெடைக்குமா? எழும்பூர் ஆவணக் காப்பகம் போனா ஆகுமா?

மரைக்காயர் தெரு:
தம்பி 1939தானா, நல்லா கேட்டுப் பாருங்க. ஏன்னா 1938 ஜூன்லயே இந்திய அரசாங்கம் மலேயா தோட்டங்களுக்கு உதவிச் செலவுல ஆள் அனுப்புறத தடை பண்ணிருச்சு. அதுக்கு மேல போனவருன்னா சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துருப்பாரு, அப்ப கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேக்குறவரு, கூட்டிட்டுப் போன ஆளுங்க கணக்குல தேடி புண்ணியமில்ல. காசு எங்கேர்ந்து வந்துச்சு? நிலத்த அடமானம் வச்சிருப்பாங்க. சப்ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மனு போட்டு பழைய வில்லங்கம் பாருங்க, அவ்ளோ பழசு ஆன்லைன்ல வராது. எழும்பூர் அப்பறம் போலாம், கைல ஒண்ணும் இல்லாம போனா என்னத்த கேப்பீங்க.

பினாங்கு பேத்தி:
அண்ணா, சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பரெல்லாம் நெட்ல போட்டுருக்காங்க, நியூஸ்பேப்பர்எஸ்ஜின்னு தேடுங்க, மலேயா செய்தியும் நெறைய இருக்கும். இங்கிலீஷ் பேப்பர்ல நம்ம பேர அவனுங்க இஷ்டத்துக்கு எழுதிருப்பானுங்க, கருப்பையாவ கே போட்டும் தேடுங்க சி போட்டும் தேடுங்க, ஒரு பி ரெண்டு பி எல்லாம். ஆனா சாதாரண தோட்டத் தொழிலாளி பேரு பேப்பர்ல வர்றது கஷ்டம், அதனால தோட்டத்து பேர கண்டுபிடிங்க, பழைய கடுதாசி கவர் இருந்தா தூக்கிப் போடாதீங்க. இன்னொண்ணு, சொல்லவே சங்கடமா இருக்கு, ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துத் தமிழங்கள நெறைய பேர சயாம்ல (இப்ப தாய்லாந்து) ரயில் ரோடு போடற வேலைக்கு கொண்டு போனாங்க, திரும்பாதவங்க ரொம்ப. எங்க தாத்தா திரும்புனாரு, அவரோட போன தம்பி திரும்பல.

பட்டுக்கோட்டையான்:
ஐயா, தகரப்பெட்டிய கிளறுனதுல போக்கியப் பத்திரம் ஒண்ணு மாட்டுச்சு! தேதி "வெகுதானிய வருஷம் தை மாசம்"னு போட்டுருக்கு, இது எந்த வருஷம்?

மரைக்காயர் தெரு:
60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வர்ற பேரு அது. உங்களுக்கு 1938 சித்திரைல பொறந்த வருஷம்தான் பொருந்தும், அந்தத் தைன்னா 1939 ஜனவரி பாதிலேர்ந்து பிப்ரவரி பாதி வரைக்கும். வீட்ல சொன்னது சரிதான். எழுதிக் குடுத்தவரு பேரு என்ன போட்டுருக்கு?

பட்டுக்கோட்டையான்:
அதாங்கய்யா கூத்து. அப்பா பேரு, ஊரு எல்லாம் சரியா இருக்கு, ஆனா மூத்த மகன் கருப்பையா இல்ல, ராமசாமியாம். அத்தைகிட்ட போன் போட்டு கேட்டா "கருப்பையாங்கறது குலசாமி பேருடா, வீட்ல கூப்புடறது"ன்னு சாவகாசமா சொல்றாங்க. ரெண்டு வருஷமா தப்பான பேர தேடிட்டு இருந்துருக்கேன்.