நாற்சார் வீட்டில நிறைகுட மேசை: பொலிஷும் சோளகக் காத்தும்

முதிரைமேசை:
யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில, நடுவில முற்றம் வைச்ச பழைய நாற்சார் வீடு, ஆனியில கலியாணம். வாசல் விறாந்தையில நிறைகுடம் வைக்கப்போறது வீட்டு முதிரை மர மேசையில. 4 அடிக்கு 2 அடி, அரக்குப் பொலிஷ். மேசையும் பழுதாகக்கூடாது, விளக்கும் நூரக்கூடாது. எப்பிடி அடுக்கலாம்?

பனையடி:
அரக்குப் பொலிஷுக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. இலையால வடியிற தண்ணி தேங்கிக் கிடந்தா வெள்ளை வெள்ளையாப் பூத்துப்போம். அதுக்காகப் பொலித்தீனை நேர மரத்தில விரிக்காதேங்கோ; வெக்கைக்கு ஒட்டிப் பிடிச்சு, உரிக்கேக்க பொலிஷையும் கொண்டு வரும். முதல் பருத்தித் துணி, பிறகு பொலித்தீன், மேல பட்டு. பட்டு நிலத்துக்கு 2 அங்குலம் மேல நிக்கட்டும். நிலத்தில கிடந்து ஆராவது மிதிச்சா குடத்தோட வரும். விளக்குகளுக்குக் கீழ தட்டம் கட்டாயம்.

வடலி:
குடம் சரியிறது அநேகமா நெல்லால. குவியலுக்கு மேல வைச்சா வழுக்கும். தலைவாழையிலையில ஒரு கொத்து அளவு நெல்லைப் பரவி, நடுவில குழி விட்டு, குடத்தின்ர அடி இலையில முட்டுமட்டும் திருகி இருத்துங்கோ. தண்ணி தோள்மட்டும் விட்டால் காணும். மாவிலை 5 அல்லது 7, காம்பு தண்ணிக்குள்ள, நுனி வெளிய விரிய. பிறகு முடித்தேங்காய். மிச்சத் தண்ணியைக் கடைசியாச் செம்பால விடுங்கோ. முதலே நிரப்பினா தேங்காய் இறங்கேக்க வழிஞ்சு நெல்லு நனையும். தேங்காய் குடத்து வாயைவிட ஒரு அங்குலமாவது பெரிசா இருக்கோணும். கொழுந்து மாவிலை வேண்டாம், மத்தியானத்துக்கு முன்னமே தொங்கிப்போம். வாழையிலை நுனி எந்தப் பக்கம் எண்டதை வீட்டுப் பெரியாக்களிட்டயே கேளுங்கோ, ஊருக்கு ஊர் வித்தியாசம்.

நடுமுற்றம்:
விளக்கு நூருறது மேசை நிக்கிற இடத்தால. தலைவாசலும் முற்றமும் நேருக்கு நேர் எண்டால் சோளகம் (தென்மேற்குக் காத்து) ஒண்டால வந்து மற்றதால போகும். அந்தக் கோட்டை விட்டு விலத்தி, சுவர் மறைப்பில வையுங்கோ. ரெண்டு திரியைச் சேர்த்து முறுக்கினா சுடர் தாக்குப்பிடிக்கும். தூணில வாழை கட்ட ஆணி அடிக்கவே வேண்டாம், பழைய சுண்ணாம்புச் சாந்து பாளமாப் பெயரும். சாக்கைச் சுத்தி அதுக்கு மேல கயிறு.

முதிரைமேசை:
பெரிய உதவி. மஞ்சள் பிள்ளையார் காய்ஞ்சு வெடிக்காமல் இருக்க?

வடலி:
தண்ணியைத் துளித்துளியா விட்டு இறுக்கிப் பிடியுங்கோ, தண்ணி கூடினாத்தான் வெடிப்பு. ஈரம் இருக்கேக்கையே அறுகம்புல்லைக் குத்தி, குடத்துக்கு முன்னால வையுங்கோ. சந்தனம், குங்குமம், பன்னீர்ச்செம்பு எல்லாம் வாறவை நிக்கிற பக்க ஓரத்தில வேற தட்டத்தில. விளக்கைத் தாண்டிக் கை நீட்டினா சேலைத் தலைப்பில நெருப்புப் பிடிக்கும்.