நாலு புள்ளி, நடுவுல முட்டி

குழு: அம்மாப்பேட்டை சொந்தங்கள்
ஞாயிறு, காலை 7.12

செல்வி பெரியம்மா: கௌதம் அனுப்புன டென்ஸ் மிஷின், அதான் முட்டியில பட்டை ஒட்டிக் கரண்ட் விடுற வலி மிஷின், நேத்து வந்துச்சு. போட்டா சுள்ளு சுள்ளுனு குத்துது. வலி போன பாடில்ல

கௌதம் அண்ணா: ரேட்டிங் பாத்துதான் வாங்குனேன்மா

ராஜு மாமா: ரேட்டிங் போட்டவனுக்கு முட்டி வலி இருந்துச்சான்னு பாத்தியா?

பிரியா: பெரியம்மா, மிஷினை ஆஃப் பண்ணிட்டு, ஒட்டுனபடியே ஒரு போட்டோ போடுங்க

செல்வி பெரியம்மா: (படம்)

பிரியா: ஐயோ, நாலு பட்டையும் முட்டிச் சில்லு மேலயே! ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு வேற. கால் ஏன் பளபளங்குது?

செல்வி பெரியம்மா: கற்பூரம் போட்டுத் தேங்கா எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சேன் கண்ணு

பிரியா: அதான் குத்துது. எண்ணெய் இருந்தா பட்டை முழுசா பிடிக்காது, பிடிச்ச துளி இடத்துலயே மொத்த கரண்டும் இறங்கும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைங்க. சில்லுக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு. சில்லு மேல வேண்டாம். பட்டைக்குப் பட்டை ரெண்டு விரல் இடைவெளியாவது இருக்கணும்

பிரியா: ஒவ்வொரு ஒயரும் ரெண்டாப் பிரியுதுல்ல? ஒரு ஒயரோட பட்டை ஒண்ணு மேல வெளிப்பக்கம், அதோட ஜோடி கீழ உள்பக்கம். அடுத்த ஒயருக்கு அப்படியே மாத்தி. பெருக்கல் குறி மாதிரி கரண்ட் மூட்டுக்குள்ள குறுக்கால போகும்

செல்வி பெரியம்மா: நாலு புள்ளிக் கோலம்னு சொல்லேன்

ராஜு மாமா: கரண்ட் விட்டா வலி எப்படிம்மா போகும்?

பிரியா: கதவுல கை இடிச்சா உடனே தேய்க்கிறோம்ல மாமா, அதே கதைதான். தொடு உணர்ச்சி கொண்டுபோற நரம்பைத் தூண்டிவிட்டா, தண்டுவடத்துல வலிக்கு வழி அடைபடுது. 1965-ல மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க சொன்னது. ஆனா தேய்ஞ்ச மூட்டு இதுல சரியாகாது, வலி மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும். நான் சொல்லிக்குடுத்த காலை நீட்டி மடக்குறதை விட்டுடாதீங்க பெரியம்மா

ராஜு மாமா: 40 வருஷம் குழித்தறியில உக்காந்து நெசவு செஞ்ச இடுப்பு. கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குது. கால்ல ஒட்டுனா போதுமா?

பிரியா: வலி கிளம்புற இடத்தையும் பிடிக்கணும். முதுகெலும்பு மேல இல்லாம, பக்கத்துச் சதையில ஒண்ணு, வலி இறங்குற வழியில ஒண்ணு. மரத்துப்போன இடத்துல மட்டும் ஒட்டாதீங்க, சுட்டாலும் தெரியாது

ராஜு மாமா: அப்படியே ஒட்டிக்கிட்டு ஏற்காட்டுக்கு வண்டி ஓட்டலாமா?

பிரியா: 20 கொண்டை ஊசி வளைவு மாமா! திடீர்னு கரண்ட்ல சதை வெட்டி இழுத்தா? வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது

அம்மா: தாத்தா தோள்பட்டைக்குக் கேக்கறாரு

பிரியா: வேண்டவே வேண்டாம்மா. நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு. இதய டாக்டரைக் கேக்காம மிஷினை அவர் கையிலயே குடுக்காதீங்க. கழுத்து முன்பக்கம், நெஞ்சுல யாருமே ஒட்டக் கூடாது

அம்மா: மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு

காலை 7.48

செல்வி பெரியம்மா: கழுவி ஒட்டிட்டேன். இப்ப எறும்பு ஊர்றாப்ல இருக்கு. குத்தல

பிரியா: அவ்வளவுதான் வேணும். பழகிப்போச்சுன்னா ஒரு புள்ளி ஏத்துங்க, வலிக்கிற அளவுக்கு வேண்டாம். அரை மணி போதும். முடிஞ்சதும் பட்டையை அதோட பிளாஸ்டிக் தாள்லயே ஒட்டி வைங்க, இல்லன்னா பசை காஞ்சிடும்

செல்வி பெரியம்மா: அந்தத் தாளா? குப்பையில போட்டேனே. வண்டி தெரு முனையிலதான் நிக்குது, இரு ஓடிப்போய்

பிரியா: பெரியம்மா ஓடாதீங்க!! மிஷின் ஆன்ல இருக்கு